குன்றின்மேல் பார் 3: சிறிய, மேடுபள்ளமான கோல்ஃப் மைதானத்தை ஆடும் முறை

கோல்ஃப் ஆடத் தெரிந்த பலர், பார் 3 எனப்படும் குறுகிய ஹோல்கள் (முதல் அடி அடிக்கும் மேடை முதல் குழி வரையிலான ஆட்டப்பகுதி ஒவ்வொன்றும் ஒரு ஹோல்) மட்டுமே கொண்ட சிறிய மைதானத்தைப் பிள்ளைகளும் புதியவர்களும் பழகும் இடமென்று எண்ணி, முழு மைதானத்துக்குப் போக நேரம் கிடைக்காத நாளில் மட்டும் அங்கே தலைகாட்டுகிறார்கள். மைதானம் சமதரையில் இருந்தால் அந்த எண்ணத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. அதே 9 ஹோல்களை ஒரு குன்றின் சரிவில் ஏறவும் இறங்கவுமாக அமைத்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. எண்ணிக்கை குறிக்கும் அட்டையில் 90 கஜம் என்று போட்டிருக்கும் ஒரு ஹோல் உண்மையில் 75 கஜமாக ஆடும். அதே 90 கஜம் போட்ட இன்னொன்று 105 கஜம் கேட்கும். குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிரீனில் நன்றாக விழுந்த பந்து நம் கண்ணெதிரே மெல்ல நகர்ந்து, புல்விளிம்பைத் தாண்டி, அடித்தவரின் காலடிக்கே திரும்பி வரும். இவ்வகை மைதானத்தில் மட்டை வீச்சைக் காட்டிலும், வீசுவதற்கு முன்னால் எடுக்கும் இரண்டு முடிவுகளே கணக்கைத் தீர்மானிக்கின்றன: உண்மையான தூரம் எவ்வளவு என்பது ஒன்று, பந்து தவறினால் எந்தப் பக்கம் தவற வேண்டும் என்பது மற்றொன்று. ஏழாம் எண் அயர்ன் என்ற இரும்பு மட்டையையும், பந்தை உயர எழுப்பிக் குறுகிய தூரம் அனுப்பும் வெட்ஜ் ஒன்றையும் ஓரளவு நேராக அடிக்கத் தெரிந்தவருக்கு அந்த இரண்டையும் சொல்லித் தருவதே இந்தக் கட்டுரையின் வேலை.

திறமையான ஆட்டக்காரர் ஒரே அடியில் கிரீனை அடைந்து, இரண்டு உருட்டல்களில் குழியில் இடக்கூடிய ஹோலைத்தான் பார் 3 என்கிறார்கள். ஆட்டக்காரரின் திறனை ஓர் எண்ணாக மதிப்பிடும் உலக ஹேண்டிகேப் முறையின் வழிகாட்டுதலின்படி ஆண்களுக்கு 260 கஜம் வரையும் பெண்களுக்கு 220 கஜம் வரையும் பார் 3 ஆக இருக்கலாம். ஆனால் சிறிய மைதானங்களில் பெரும்பாலான ஹோல்கள் 60 கஜத்துக்கும் 150 கஜத்துக்கும் இடையில்தான் இருக்கும். யார்டு என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் அளவைத்தான் இங்கே கஜம் என்று எழுதுகிறேன். 2024 ஜனவரி முதல், 9 ஹோல்கள் சேர்ந்து 750 கஜம் நீளம் இருந்தாலே மைதானத்துக்கு முறையான மதிப்பீடு பெறலாம் என்று விதி தளர்ந்திருப்பதால், அவ்வாறு மதிப்பீடு பெற்ற குட்டி மைதானத்தில் எடுக்கும் எண்ணிக்கையும் இப்போது ஹேண்டிகேப்பில் சேரும்.

இத்தகைய மைதானங்களில் பெயர்பெற்ற சிலவற்றை அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலக் கடற்கரையில், மணற்குன்றுகளின்மேல் 2012-ல் திறக்கப்பட்ட பேண்டன் பிரிசர்வ் மைதானத்தில் 13 ஹோல்கள் இருக்கின்றன. பில் கூரும் பென் கிரென்ஷாவும் வடிவமைத்த அதன் ஹோல்கள் 60 சொச்சம் கஜத்திலிருந்து ஏறக்குறைய 150 கஜம் வரை நீள்கின்றன. பதின்மூன்று என்ற எண் விசித்திரமாகத் தோன்றலாம். அந்த நிலத்தில் நல்ல ஹோல்கள் அத்தனைதான் கிடைத்தன என்றால் அத்தனையோடு நிறுத்திக்கொள்வதுதானே முறை? மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் மலைச்சரிவில் அமைந்த திரீடாப்ஸ் மைதானத்தில், 2001-ல் நடந்த போட்டி ஒன்றில், அப்போது 61 வயதாகியிருந்த லீ ட்ரெவினோ ஏழாவது ஹோலில் ஒரே அடியில் பந்தைக் குழியில் இட்டு 10 லட்சம் டாலர் பரிசு பெற்றார். அகஸ்டா நேஷனல் கிளப்பின் பார் 3 மைதானம் 1958-ல் உருவானது. மாஸ்டர்ஸ் போட்டிக்கு முந்தைய நாளில் அங்கே நடக்கும் பார் 3 போட்டியில் 1960 தொடங்கி 2025 வரை வென்ற எவரும் அதே ஆண்டில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றதில்லை.

அட்டையில் உள்ள தூரமும் கால் நிற்கும் உயரமும்

ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடமான டீ மேடையில் நின்றதும் முதலில் செய்ய வேண்டியது, மட்டைப் பையில் கைவைக்காமல் இருப்பது. கிரீன் நம்மைவிட எத்தனை அடி தாழ்ந்து அல்லது உயர்ந்து இருக்கிறது என்று முதலில் மதிப்பிட வேண்டும். வெட்ஜ் அல்லது குறுகிய அயர்ன் கொண்டு அடித்த பந்து ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் இறங்குகிறது. அந்தக் கோணத்தில் ஒரு கஜம் கீழே போக, ஒரு கஜம் முன்னே போகும். ஆகவே, கிரீன் 3 அடி தாழ்ந்திருந்தால் தூரத்தில் ஒரு கஜத்தைக் கழிக்க வேண்டும். 3 அடி உயர்ந்திருந்தால் ஒரு கஜத்தைக் கூட்ட வேண்டும். 110 கஜ ஹோலில் கிரீன் 30 அடி கீழே இருந்தால் அது 100 கஜ அடி; 30 அடி மேலே இருந்தால் 120 கஜ அடி. ஒரே எண் போட்ட இரண்டு ஹோல்களுக்கிடையே 20 கஜம், அதாவது இரண்டு மட்டைகள் வித்தியாசம் வந்துவிடுகிறது. தாழ்வாகப் பறக்கும் அடி இதைவிடப் படுத்த கோணத்தில் இறங்குவதால், அதற்கு இறக்கத்தின் பலன் இன்னும் சற்றுக் கூடும் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது பலருக்குச் சிரமமாக இருக்கிறது. மலைச்சரிவில் கண் ஏமாறுவது இயல்பு. அதற்கு ஓர் எளிய உதவி, குழியில் நட்டிருக்கும் கொடிக்கம்பம். கொடிக்கம்பம் பொதுவாக 7 அடி உயரம் இருக்கும். கிரீனுக்கும் நமக்கும் இடையிலான செங்குத்து உயரத்தில் அப்படி எத்தனை கம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தலாம் என்று மனத்தில் எண்ணிப் பார்த்தால், மதிப்பு பெரும்பாலும் உண்மைக்கு அருகில் வந்துவிடும். நான்கு கம்பங்கள் என்றால் 28 அடி. அதாவது ஒன்பது கஜத்துக்குச் சற்று அதிகம். ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட்டுக் காட்டும் லேசர் கருவியைப் பழக்க ஆட்டத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். போட்டியிலோ ஹேண்டிகேப்புக்காக எண்ணும் ஆட்டத்திலோ அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். தூரத்தை அளக்க விதி அனுமதிக்கிறது; உயர வேறுபாட்டைக் கருவியால் அளப்பதை அனுமதிப்பதில்லை.

இறக்கத்தில் ஆடும் ஹோலில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. பந்து கூடுதல் நேரம் காற்றில் இருப்பதால், காற்று அதன்மேல் கூடுதல் நேரம் வேலை செய்கிறது. நாம் நிற்கும் டீ மேடை மரங்களுக்குள் ஒதுங்கி இருந்தால், புல்லைக் கிள்ளித் தூவிப் பார்ப்பதால் பயனில்லை. மர உச்சியையும் கீழே கொடித்துணியையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் பெபிள் பீச் மைதானத்தில் ஏழாவது ஹோல் வெறும் 106 கஜம், அதுவும் கடலை நோக்கிக் கீழிறங்குவது. 1992 அமெரிக்க ஓப்பன் போட்டியின் கடைசி நாளில் வீசிய காற்றில் டாம் கைட் அதற்கு ஆறாம் எண் அயர்னை எடுக்க வேண்டியிருந்தது. அமைதியான நாளில் அதே ஹோலுக்கு வெட்ஜே போதும். அன்று அவருடைய பந்து கிரீனைத் தவறியது; வெளியிலிருந்து தட்டிய அடுத்த அடி நேரே குழிக்குள் போனது; பட்டமும் அவருக்கே கிடைத்தது.

ஏற்றத்தில் ஆடும் ஹோலில் வரும் தொல்லை வேறு. மேலே கொடியின் நுனி மட்டும் தெரியும். கிரீனின் தரை தெரியாது. தெரியாத தரையில் கொடிக்குக் குறிவைப்பது வீண் துணிச்சல். கிரீனின் நடுவுக்கும் பின்பாதிக்கும் போகும் மட்டையை எடுத்துவிடுவதே சரி. ஏனென்றால் மேட்டு கிரீன்களின் முன்விளிம்பு பெரும்பாலும் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும், குறைவாகப் போன பந்தை அது அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ஏற்றத்தில் மட்டையைக் கூட்டி எடுக்க, அதாவது இன்னும் அதிக தூரம் போகும் மட்டையை எடுக்க, தயங்குவதுதான் சிறிய மைதானங்களில் நான் மிக அதிகமாகக் கண்ட தவறு. நானே எத்தனையோ முறை செய்த தவறும் அதுதான்: '85 கஜத்துக்கு ஒன்பதாம் எண் அயர்னா' என்ற வெட்கத்தில் வெட்ஜை எடுத்து, பந்து பாதி மேட்டில் விழுந்து உருண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது.

கடல்மட்டத்திலிருந்து மைதானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தனிக் கணக்கு. காற்றின் அடர்த்தி குறையக் குறையப் பந்து கூடுதல் தூரம் போகும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். இவ்விரு ஊர்களிலும் உள்ள பழைய கோல்ஃப் மைதானங்கள் பார் 3 வகையைச் சேர்ந்தவை அல்ல என்றாலும், சரிவில் நின்று அடிப்பதைத் தமிழ்நாட்டில் பழக அவற்றைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சென்னையில் 100 கஜம் போகும் அடி அங்கே 107, 108 கஜம் போகலாம். முதல் இரண்டு ஹோல்களில் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு மனக்கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எந்த மட்டைகளை எடுத்துச் செல்வது

விதி 14 மட்டைகள் வரை அனுமதித்தாலும், குன்றின்மேல் தோளில் பையைச் சுமந்து ஏறுபவருக்கு ஆறு அல்லது ஏழு போதும்: ஏழாம் எண், ஒன்பதாம் எண் அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், 52 பாகை, 56 பாகை முகச்சாய்வு கொண்ட இரு வெட்ஜ்கள், பட்டர் எனப்படும் உருட்டு மட்டை. மைதானத்தில் 150 கஜத்தைத் தாண்டும் ஹோல் இருந்தால் நீண்ட தூரத்துக்கான ஹைப்ரிட் மட்டை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். டிரைவர் என்னும் நெடுந்தூர மட்டையைக் காரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்; கையோடு இருந்தால் எங்காவது எடுத்துப் பார்க்கத் தோன்றும்.

மட்டைகளின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு வெட்ஜுக்கும் மூன்று தூரங்கள் தெரிந்திருப்பது முக்கியம். கையை இடுப்புவரை, மார்புவரை, தோள்வரை என மூன்று உயரங்களுக்குக் கொண்டுபோய் ஒரே சீரான வேகத்தில் அடித்தால், மூன்று வெட்ஜ்களுக்கும் சேர்த்து ஒன்பது தூரங்கள் கிடைக்கின்றன. பயிற்சித் தளத்தில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு, பந்து விழும் தூரத்தை மட்டும், உருளும் தூரத்தைச் சேர்க்காமல், ஒரு துண்டுச் சீட்டில் குறித்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். குன்று மைதானத்தில் உருளும் தூரம் ஹோலுக்கு ஹோல் மாறும். விழும் தூரம் ஒன்றுதான் நம் கையில் இருப்பது.

டீ மேடையில்

சரிவில் அமைத்த டீ மேடைகள் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சாய்ந்தே இருக்கும்; நெடுநாள் நடமாட்டத்தில் குழிந்தும் இருக்கும். மேடையின் முன்னெல்லையைக் காட்டும் இரு குறியீடுகளுக்கும் இடையிலான கோட்டிலிருந்து பின்னோக்கி இரண்டு மட்டை நீளம் வரை எங்கும் பந்தை வைக்க விதி இடம் தருகிறது. பந்து அந்தச் செவ்வகத்துக்குள் இருந்தால் போதும். நம் கால்கள் வெளியே இருக்கலாம். எனவே குறியீடுகளின் நேர்நடுவில் பந்தை வைக்கும் பழக்கத்தை விட்டு, பாதங்களுக்குச் சமமான இடத்தைத் தேடி, அதற்கேற்பப் பந்தை வைக்க வேண்டும். 70 கஜ அடிக்கும், பந்தைத் தாங்கும் சிறு டீ ஆணியைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புல்லின் உயரத்துக்கு மேல் துளியளவு பந்தைத் தூக்கி வைத்தால் மட்டைக்கும் பந்துக்கும் இடையே புல் சிக்காது, பந்தின் சுழற்சியும் தூரமும் மாறாமல் வரும். விதி தானாகத் தரும் இந்தச் சலுகை டீ மேடையில் மட்டுமே உண்டு.

மேடையின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று நிற்கும் இடத்தை மாற்றுவதால் கோணமும் மாறுகிறது. கிரீனின் இடப்பக்கம் பள்ளம் என்றால், மேடையின் இடக்கோடியில் பந்தை வைத்து, பள்ளத்துக்கு விலகி வலப்புறமாகக் குறிவைப்பது எளிது.

தவறும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தல்

பார் 3 ஹோலில் ஒரே அடியில் கிரீனை அடைவது நல்ல ஆட்டக்காரர்களுக்கே ஒவ்வொரு முறையும் வாய்ப்பதில்லை. ஆகவே குறிவைக்கும்போதே, தவறினால் பந்து எங்கே கிடக்க வேண்டும் என்பதையும் சேர்த்து முடிவுசெய்ய வேண்டும். இதற்கு ஒரே ஒரு பொதுவிதிதான் உண்டு: குழிக்குத் தாழ்வான பக்கத்தில் கிடக்கும் பந்து நண்பன்; மேலான பக்கத்தில் கிடக்கும் பந்து பகைவன். கீழிருந்து மேல்நோக்கித் தட்டும் பந்தைத் துணிந்து அடிக்கலாம், சரிவே அதை நிறுத்திக் கொடுக்கும். மேலிருந்து கீழ்நோக்கித் தட்டும் பந்து ஒருமுறை நகரத் தொடங்கிவிட்டால் யார் பேச்சையும் கேட்காது.

ஆனால் இந்த விதியைக் கண்மூடிப் பின்பற்றவும் கூடாது. தாழ்வான பக்கம் என்பது குழிக்குச் சில அடிகள் கீழே, கிரீனிலோ அதன் ஓரத்திலோ நிற்கும் இடம். நாற்பது அடி கீழே புதருக்குள் இருப்பதும் தாழ்வான பக்கம்தான் என்று எடுத்துக்கொண்டால் பந்தைத் தேடும் மூன்று நிமிடங்களும் வீணாகும். கிரீனின் கீழ்ப்பக்கம் செங்குத்தாக அறுந்து விழுந்தால், மேல்பக்கக் கரையில் பந்தை விட்டுவிட்டு மெல்ல இறக்கிக்கொள்வதே மேல்.

ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்தில் எட்டாவது ஹோலை அஞ்சல் தலை என்று அழைக்கிறார்கள். மணற்குன்றின் விலாவில் செதுக்கிய அதன் கிரீன் அவ்வளவு சிறியது. அட்டையில் 123 கஜம் மட்டுமே. 1950 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஹெர்மன் டிஸீஸ் என்ற ஜெர்மானிய அமெச்சூர் ஆட்டக்காரர் அங்கே ஒரு மணற்குழியிலிருந்து அடித்தால் பந்து கிரீனைக் கடந்து எதிர்ப்பக்க மணற்குழியில் விழ, அங்கிருந்து அடித்தால் மறுபடி இந்தப் பக்கம் வர, 15 அடிகள் எடுத்தார். 1973 ஓப்பன் போட்டியில் அதே ஹோலில் 71 வயது ஜீன் சாரசன் ஐந்தாம் எண் அயர்னால் ஒரே அடியில் பந்தைக் குழியில் இட்டார். டிஸீஸுக்கு நேர்ந்ததை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஒடுங்கிய கிரீனின் பக்கவாட்டில் தவறிவிட்டால், கொடியை நோக்கி அடிக்கும் ஒவ்வொரு அடியும் அகலம் குறைந்த திசையிலேயே போகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் கொடியை மறந்து, கிரீனின் நீளவாக்கில் பந்தை வெளியேற்றி, ஓர் அடியைக் கொடுத்து மூன்றைக் காப்பாற்றிக்கொள்வதே விவேகம்.

சரிவில் நின்று அடித்தல்

சமதரை ஆட்டக்காரர் குன்றுக்கு வந்ததும் தடுமாறும் இடம் இது. டீ மேடை தவிர மற்ற எல்லா இடத்திலும் பாதங்கள் சமமாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நான்கு நிலைகள் உண்டு. கீழே சொல்பவை வலக்கை ஆட்டக்காரருக்கானவை, இடக்கை ஆட்டக்காரர் திசைகளை மாற்றிக்கொள்ளலாம்.

முன்னங்கால் உயர்ந்து பின்னங்கால் தாழ்ந்த ஏற்ற நிலையில், சரிவே மட்டையின் முகச்சாய்வைக் கூட்டிவிடுவதால் பந்து உயரமாக எழும்பிக் குறைவான தூரத்தில் விழும். கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கவும் செய்யும். ஒரு மட்டை கூட்டி எடுத்து, சற்று வலப்புறம் குறிவைக்க வேண்டும். முன்னங்கால் தாழ்ந்த இறக்க நிலையில் இதற்கு நேர்மாறு: பந்து தாழ்வாகப் பாய்ந்து, விழுந்தபின் நெடுந்தூரம் ஓடும், வலப்பக்கம் விலகும். அங்கே முகச்சாய்வு அதிகமுள்ள மட்டையை எடுத்து, பந்து ஓடுவதற்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். இரண்டு நிலைகளுக்கும் பொதுவாக ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்: உடலின் எடை தாழ்ந்த காலின்மேல், பந்து மேட்டுக்காலின் பக்கம், தோள்கள் சரிவுக்கு இணையாக. தோள்களைச் சரிவுக்கு இணையாக வைத்து, மட்டையும் அந்தச் சரிவை ஒட்டியே போய்வந்தால், நிலம் சாய்ந்திருப்பதை மட்டை உணராது. இறக்கத்தில் பந்தைக் கரண்டியால் அள்ளுவதுபோல் மேலே தூக்க முயல்வதுதான் பெருந்தவறு. மட்டை முதலில் பின்னாலுள்ள மேட்டில் இடிக்கும், அல்லது பந்தின் தலையில் படும். அடித்து முடித்த பிறகும் மட்டைமுனை சரிவோடு கீழே தொடர்ந்து போக வேண்டும். அதனால் ஓர் அடி முன்னே எடுத்துவைக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

பந்து பாதங்களைவிட உயரத்தில் இருக்கும் பக்கச் சரிவில், பந்து நமக்கு அருகில் வந்துவிட்டது என்பதால் மட்டைப் பிடியில் இரண்டு விரல் அளவு கீழே பிடித்து, சற்று நிமிர்ந்து நிற்க வேண்டும். பந்து இடப்பக்கம் போகும்; வெட்ஜில் அடித்தால் இன்னும் அதிகமாகப் போகும். பலர் இதைத் தம் வீச்சின் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மட்டையின் அடிப்பகுதி சரிவோடு சாயும்போது, முகம் மேலே பார்ப்பதற்குப் பதிலாக இடப்பக்கமாகப் பார்க்கத் தொடங்குகிறது. முகச்சாய்வு எவ்வளவு அதிகமோ அவ்வளவு இடப்பக்கம் திரும்பும். அதனால் 60 கஜ வெட்ஜ் அடியில், சரிவு கடுமையாக இருந்தால், கிரீனின் வலக்கரைக்கே குறிவைக்க வேண்டியிருக்கும்.

பந்து பாதங்களுக்குக் கீழே இருக்கும் நிலைதான் நான்கிலும் கடினமானது. மட்டையை முழு நீளத்துக்குப் பிடித்து, கால்களை அகட்டி, முழங்காலை மடித்துத் தாழ வேண்டும். அடித்து முடியும்வரை அந்தத் தாழ்வு மாறக் கூடாது. பந்து வலப்பக்கம் விலகும். முழு வீச்சு இங்கே வேண்டாம். ஒரு மட்டை கூட்டி எடுத்து முக்கால் வீச்சோடு நிறுத்திக்கொண்டால் சமநிலை தவறாது. எந்தச் சரிவாக இருந்தாலும் பந்துக்குப் பக்கத்தில் இரண்டு முறை வெறும் வீச்சு வீசி, மட்டை புல்லை எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு நேராகப் பந்து வருமாறு நின்றுகொள்வது எல்லாக் கணக்கையும்விட நம்பகமானது.

கிரீனைச் சுற்றியும் கிரீனிலும்

வீடு கட்டும்போது மொட்டைமாடியில் மழைநீர் தேங்காமல் ஓடுவதற்குக் கொத்தனார் தரைக்கு வாட்டம் விடுவார். பார்வைக்குச் சமமாகத் தெரியும் தளம் நீரை ஒரு மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கிரீனும் அப்படியே அமைக்கப்படுகிறது. குன்றின்மேல் உள்ள கிரீனில் இரண்டு வாட்டங்கள் உண்டு: ஒன்று அமைத்தவர் விட்டது, மற்றொன்று மலை விட்டது. கிரீனில் ஏறி நின்ற பிறகு மலையின் வாட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், ஏனென்றால் சுற்றியுள்ள எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. அதனால் கிரீனுக்கு நாற்பது, ஐம்பது கஜம் தொலைவில் நடந்து வரும்போதே அதன் சாய்வைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். கிட்டே போனபின் கண் சொல்வது அதற்கு முரணாக இருந்தால், தொலைவில் கண்டதையே நம்ப வேண்டும். பாதங்களும் பொய் சொல்லாது: பந்துக்கும் குழிக்கும் நடுவழியில், கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் எந்தக் காலில் எடை கூடுகிறது என்பது தெரிந்துவிடும். அப்படிப் பார்ப்பதற்கு எப்போதும் தாழ்வான பக்கமே சிறந்தது. மட்டைப் பையைச் சுமந்து ஆட்டக்காரருக்கு உதவும் கேடி, மலைமேல் பலகாலம் வேலைபார்த்தவர், உடன் வந்தால் அவர் சொல்லைக் கேட்க வேண்டும். கேடி என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் வேறு பொருளை நினைத்து அவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

மெல்லப் போகும் பந்து அதிகம் வளையும். ஆகவே இறக்கத்தில் உருட்டும்போது வளைவுக்குக் கூடுதல் இடம் விட்டு, பந்து சரிவில் சேரும் புள்ளியை மட்டும் குறியாகக் கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு பந்தைக் கொண்டுபோவது நிலத்தின் வேலை. கொடிக்கம்பத்தைக் குழியிலேயே விட்டுவிட்டு உருட்ட 2019 முதல் அனுமதி இருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் அந்தக் கம்பம் வேகமாக வரும் பந்தைத் தடுத்து நிறுத்த உதவலாம். ஏற்றத்தில் உருட்டும்போது குழிக்கு ஓர் அடி அப்பால் இன்னொரு குழி இருப்பதாக எண்ணி அதற்கே அடிக்கலாம்.

கிரீனுக்கு வெளியே கிடக்கும் பந்தை, முடிந்தவரை, உயர்த்தாமல் உருட்டிவிட வேண்டும். கிரீன் மேடாகி, பந்து கரைக்குக் கீழே கிடந்தால், எட்டாம் அல்லது ஒன்பதாம் எண் அயர்னால் பந்தைத் தாழ்வாக அடித்து, கரையிலேயே ஒருமுறை மோதவிட்டு, வேகம் குறைந்து மேலே தத்திச் செல்ல விடலாம். பார்ப்பதற்கு அழகில்லாத அடிதான். ஆனால் மொட்டைத் தரையிலிருந்து வெட்ஜால் மேலே எழுப்ப முயன்று பந்தின் வயிற்றில் அடிப்பதைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. மேலே இருந்து குழிக்கு இறக்க வேண்டிய நிலையில், கிரீனில் விழவைக்காமல், விளிம்பின் நீண்ட புல்லில் விழவைத்தால் அந்தப் புல் வேகத்தைக் கொன்றுவிடும்.

நடையும் மூச்சும், பிறர் பாதுகாப்பும்

ஒன்பது ஹோல்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்றாலும், ஏறியிறங்கும் களைப்பு நீண்ட மைதானத்துக்குக் குறைந்ததல்ல. மேட்டில் ஏறி வந்த மூச்சிரைப்போடு பந்தை உருட்டினால் கை நிலைகொள்ளாது. பத்து மூச்சு நின்று, வாட்டத்தைப் பார்த்துவிட்டு, பிறகு உருட்டுவதால் பின்னால் வருபவர்களுக்குப் பெரிய தாமதம் நேராது. நேரே ஏறாமல் சாய்வாக ஏறுவதும், ஈரப்புல்லில் பிடிமானமுள்ள காலணி அணிவதும் அவசியம். முன்னால் ஆடுபவர்கள் மேட்டுக்கு அப்பால் மறைந்திருக்கும் ஹோல்களில், அவர்கள் மணியடிக்கும்வரை அல்லது கண்ணில் படும்வரை அடிக்கக் கூடாது. பந்து யார்மீதாவது போவதுபோல் தோன்றினால் உடனே 'ஃபோர்' என்று உரக்கக் கத்த வேண்டும். சிறிய மைதானத்தில் ஒரு கிரீனும் அடுத்த டீ மேடையும் அருகருகே இருப்பதால் இது சம்பிரதாயம் அல்ல. உயரத்திலிருந்து செங்குத்தாக விழும் பந்துகள் கிரீனில் ஆழமாகப் பள்ளம் பறிக்கும். நம்முடையதோடு சேர்த்துப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றையும் சரிசெய்துவிட்டுப் போவது நல்ல வழக்கம்.

கடைசியாக ஒன்று. பேண்டன் பிரிசர்வின் பதின்மூன்றாவது ஹோல் கடற்கரைக் குன்றிலிருந்து கீழே இறங்கும் 100 கஜத்துக்குச் சற்று அதிகமான ஹோல். தரை கெட்டியாகவும் புல் ஒட்ட வெட்டியும் இருப்பதால், அங்கே ஆட வருபவர்கள் வெட்ஜை வைத்துவிட்டு டீ மேடையிலிருந்தே உருட்டு மட்டையால் பந்தைத் தள்ளிவிட்டுப் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது. பந்து மேட்டைச் சுற்றி, பள்ளத்தில் இறங்கி, நெடுநேரம் உருண்டு கிரீனுக்குப் போய்ச் சேருகிறது. உங்கள் மைதானத்திலும் டீ மேடைக்கும் கிரீனுக்கும் நடுவே மணற்குழியோ நீரோ இல்லாத இறக்க ஹோல் ஒன்று இருந்தால், காற்று எதிராக வீசும் நாளில், பின்னால் யாரும் காத்திராத வேளையில், இதை ஒருமுறை செய்துபாருங்கள். முதல் முறை பந்து பாதியில் நின்றுவிடும். நாம் நினைப்பதைவிட இருமடங்கு பலம் அதற்கு வேண்டும்.